ஓட்டுநரின் மூக்கு

லின்ஸிலிருந்து வந்த பதினேழு பேரையும்
பதச்சோன் குன்றின் பாதி உயரத்தில் இறக்கிவிட்டு
நிழல் பார்த்துப் பேருந்தை நிறுத்துகிறேன்.
இந்த நாட்டில் வண்டி ஓட்டுபவன் ரத்தத்தில்
ஒரு சொட்டு இருந்தாலும் உரிமம் போச்சு.
ஆகவே எனக்கு எப்போதும்
கதவோர ஸ்டூலும் எலுமிச்சைச் சோடாவும்.

கீழே பாலட்டான் ஏரி
பால் கலந்த பச்சையில் கிடக்கிறது.
ஒற்றைப் பாய்மரம்,
நகர்கிறதா நிற்கிறதா சொல்ல முடியவில்லை.

எமோக்கே தொடங்கிவிட்டாள்.
"கோப்பையைத் தண்டில் பிடியுங்கள், வயிற்றில் அல்ல.
உங்கள் கைச்சூடு அதற்கு வேண்டாம்."
ஆறு வருடமாய்க் கேட்கிறேன்,
எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்பதுகூட மனப்பாடம்.
அணைந்த எரிமலையைச் சொல்வாள்,
கருங்கல் பகலில் வாங்கிய வெயிலை
இரவில் கொடிக்குத் திருப்பித் தருவதை,
ஏரி கீழிருந்து இரண்டாம் சூரியனாய்க் காய்வதை.
பிறகு நீலக்காம்புத் திராட்சை:
அதில் பெண் பூ மட்டும்தான்,
பக்கத்து வரிசையில் வேறு ரகக் கொடி நட்டால்தான்
காய் பிடிக்கும்.
இங்கே மனைவிமார் கணவர்களைப் பார்ப்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று:
பிப்ரவரிக் காய்ச்சலுக்குப் பிறகு
எமோக்கேவுக்கு வாசனையே கிடையாது.
காபி இல்லை, சோப்பு இல்லை,
அடுப்பில் பால் கருகினால் புகையைக் கண்டுதான் ஓடுகிறாள்.
முதலாளி பர்னபாஷுக்குத் தெரியாது.
தெரிந்தால் லேபிள் ஒட்ட அனுப்பிவிடுவார்.
பாதாம், ஈரக்கல், பழுக்காத பேரிக்காய் என்று
அவள் அடுக்குவதெல்லாம்
போன வருடத்து மூக்கு.

எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
ஏப்ரலில் ஒருநாள் என் வண்டிக்குள் டீசல் ஒழுகியது.
எல்லோரும் கைக்குட்டையைத் தேடி இறங்க
அவள் மட்டும் முன்சீட்டில் சாவகாசமாய் ரொட்டி தின்றாள்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஏற்பாடு.
திறந்த கார்க்கை என் ஸ்டூல் பக்கம் வைப்பாள்,
ஏதோ மறந்து வைத்ததுபோல்.
நான் முகர்வேன்.
தொப்பி தலையில் இருந்தால் ஊற்றலாம்.
மடிக்கு வந்தால் கூடாது.

இன்று மூன்றாவது பாட்டில்.
கூட்டம் அவசரப்படுத்தியதில்
கார்க் என்னிடம் வருவதற்குள் ஒரு கோப்பை ஊற்றிவிட்டாள்.
நோட்டுப் புத்தகத்தோடு வந்த உயரமான மனிதர்
சுழற்றினார், கண்மூடினார், உறிஞ்சினார்,
"அடடா, என்ன ஆழம்" என்று எழுதவும் தொடங்கினார்.
என் விரலிடுக்கில் கார்க்.
மழையில் ஊறிய அட்டைப்பெட்டி,
வருடக்கணக்கில் பூட்டிய நிலவறை, நனைந்த நாய்.
தொப்பியைக் கழற்றினேன்.

சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை உடைக்காமலே
எமோக்கே பாட்டிலை மேசைக்கடியில் இறக்கினாள்.
"இதற்கு இன்னும் தூக்கம் கலையவில்லை,
இதன் தங்கையை எழுப்புவோம்."
பதினாறு பேர் சிரித்தார்கள்.
உயரமானவர் எழுதியதை அடித்தாரா, தெரியாது.

மாலையில் பெட்டி பெட்டியாய் வாங்கி
வண்டியின் வயிற்றில் அவர்கள் அடுக்கும்போது
அவள் என் ஜன்னலருகே வந்து நின்றாள்.
நன்றி சொல்லவில்லை.
அது எங்களுக்குள் வழக்கமில்லை.
"வெண்டெல், ஏரி இன்று என்ன வாசம்?"

கண்ணாடியை முழுதாய் இறக்கினேன்.
"நாணல் வெயிலில் காய்கிறது. கொஞ்சம் பாசி.
படகுத்துறையில் யாரோ லாங்கோஷ் பொரிக்கிறார்கள்,
பூண்டு, பழைய எண்ணெய்."
இருட்டில் சாவிக்கொத்தைத் தடவுகிறவள்போல்
ஒவ்வொன்றாய் உள்ளே எண்ணிக்கொண்டாள்.

மறுநாள் க்ராட்ஸ்காரர்கள்.
நான்காவது கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"கடைசியில், விழுங்கிய பிறகு," என்றாள்,
"காய்ந்த நாணல். மிக மெல்லியதாய்."
எல்லோரும் மூக்கை நுழைத்தார்கள்.
முதலில் ஒரு தாடிக்காரர், பிறகு அவர் மனைவி,
பிறகு மேசை முழுக்கத் தலையாட்டியது.

பூண்டை விட்டுவிட்டாள்.
நான் சோடாவைக் குடித்தேன்.